சமத்துக்குட்டி மாலை

ஒரு காட்டில், பிள்ளைகளே, குட்டிகள் ஓடக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. சிரிக்காதீர்கள். மானும் முயலும் வாழ்கிற காட்டைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அந்தச் சட்டத்தைப் போட்டது சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. மொக்கையன் என்ற கரடி. அவனுக்கு ராத்திரி முழுக்கத் தேன் தேடி அலைகிற பிழைப்பு, பகல் முழுக்கத் தூக்கம். மேய்ச்சலுக்குப் போகும் அம்மாக்கள் குட்டிகளை எங்கே விடுவது என்று திண்டாடியபோது, பெரிய மனசு பண்ணி அவன்தான் முன்வந்தான். புளியமரத்தடியில் ஒரு குட்டிக்கூடம் தொடங்கினான். கூலி என்று ஒன்றும் கேட்கவில்லை. மேய்கிற இடத்தில் தான் தின்னக் கறையான் புற்றைக் கண்டால் வந்து சொன்னால் போதும் என்றான்.

ஆனால் குட்டிகள் சும்மா இருக்குமா? முதல் நாளே மொக்கையனின் வயிற்றில் ஏறிச் சறுக்கு விளையாடின. அவன் தூக்கம் போயிற்று. மறுநாள் தரையில் ஆளுக்கொரு வட்டம் கீறி, அதற்குள் உட்கார வைத்தான். இலுப்பைப்பூவையும் தேனையும் பிசைந்து உருண்டை பிடித்து வைத்துக்கொண்டான். குட்டி எழுந்து நின்றால் ஓர் உருண்டை. அழுதால் ஓர் உருண்டை. பக்கத்துக் குட்டியின் வாலைப் பிடித்தால், அந்த வாலை விடுவதற்கு ஓர் உருண்டை. வாயில் இனிப்பு இருக்கிறவரை எந்தக் குட்டியும் அசையாது என்று அவன் கண்டுபிடித்துவிட்டான். வட்டத்துக்கு ஒரு குவியல் உருண்டையை முன்கூட்டியே வைத்துவிட்டுக் காலை நீட்டித் தூங்கினான்.

சாயங்காலம் வந்து பார்த்த அம்மாக்களுக்கு ஒரே பூரிப்பு. வீட்டில் ஒரு நொடி நிற்காத பிள்ளை இங்கே பிடித்து வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கிறானே, என்ன சமத்து, என்ன சமத்து என்று கன்னத்தை வழித்துக் கொஞ்சினார்கள். கன்னமும் வழிக்கிற மாதிரிதான் இருந்தது. மாதம் ஒரு நாள், அசையாமல் இருந்து அதிகம் தின்ற குட்டிக்குக் கொன்றைப்பூவில் சமத்துக்குட்டி மாலை வேறு போட்டார்கள். அநியாயத்துக்குப் பரிசு கொடுத்த காடு அது.

அந்தக் காட்டில் மருதாயி என்று ஒரு புள்ளிமான் இருந்தாள். அவள் மகன் பெயர் துடியன். பிறந்த அன்றைக்கே எழுந்து நின்று, விழுந்து, மறுபடி எழுந்து அம்மாவை முட்டியவன். அந்தத் துடிப்பைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தாள். அவனும் குட்டிக்கூடத்துக்குப் போனான்.

ஒரு நாள் சாயங்காலம் மருதாயி அவனைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது வழியில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. மான்குட்டிக்கு அது ஒரு தடையே இல்லை. அவள் ஒரே தாவலில் தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். துடியன் தாண்டவில்லை. அந்தப் பக்கமே உட்கார்ந்துவிட்டான். மூச்சு வாங்கியது.

"அம்மா, கால் வலிக்கிறது" என்றான்.

மேலே கிளையில் இருந்த குரங்கு ஒன்று அதைப் பார்த்துவிட்டு, உருண்டை தின்று உருண்டையே ஆகிவிட்டான் என்று கெக்கலித்தது. துடியன் தலையைக் குனிந்துகொண்டான். மருதாயிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"வாயை மூடு" என்றாள். "குழந்தையைப் பார்த்து என்ன சிரிப்பு? வட்டம் கீறி உட்கார வைத்தவர்களைப் பார்த்துச் சிரி. அவன் கேட்டா உட்கார்ந்தான்?"

குரங்கு அடுத்த மரத்துக்குத் தாவிப் போய்விட்டது. ஆனால் மருதாயிக்கு அன்றைக்குப் புல்லும் தண்ணீரும் இறங்கவில்லை. காரணம் இருந்தது. அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. குளத்தில் தண்ணீர் நாளுக்கு நாள் உள்வாங்கிக்கொண்டே போனது. குளம் வற்றியதும் காடே கிளம்பி, கரட்டு மலையை ஏறிக் கடந்து அந்தப் பக்கத்து ஆற்றுக்குப் போக வேண்டும் என்று யானைகள் சொல்லிவிட்டன. மலையில் நிழல் கிடையாது, தண்ணீர் கிடையாது, ஒரே நாளில் ஏறி இறங்கியாக வேண்டும். பின்தங்குகிறவர்களுக்காக யாரும் காத்திருக்க முடியாது என்றும் சொல்லியிருந்தன.

விழுந்த மரத்தையே தாண்ட முடியாத பிள்ளை மலையை எப்படி ஏறுவான்?

மறுநாள் காலையிலேயே மருதாயி மொக்கையனிடம் போய், குட்டிகளைக் கொஞ்ச நேரமாவது ஓடி விளையாட விடச் சொல்லிக் கெஞ்சினாள். அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். ஓடினால் விழும், விழுந்தால் கால் ஒடியும், அதற்கு யார் பதில் சொல்வது என்றான். குட்டி என்றால் கொழுகொழுவென்று இருந்தால்தான் அழகு என்றும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மற்ற அம்மாக்களிடம் போனாள். காட்டுப்பன்றி பேச்சி, தன் மகளுக்கு மாலை கிடைத்ததில் மருதாயிக்குப் பொறாமை என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். முயலம்மா, இப்போதுதான் நிம்மதியாக ஒரு வாய் புல் தின்கிறேன், அதையும் கெடுக்காதே என்றாள். எல்லாருக்கும் அவரவர் நிம்மதி பெரிது.

மாலை போடுகிற நாள் வந்தது. அம்மாக்கள் எல்லாரும் புளியமரத்தடியில் கூடினார்கள். மொக்கையன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த மாதம் சமத்துக்குட்டி துடியன்தான் என்று அறிவித்தான். இரண்டு குட்டிகள் தின்கிற உருண்டையை ஒருவனாகத் தின்று, வட்டத்தை விட்டு அசையவே இல்லையாம். துடியன் கழுத்தில் கொன்றைப்பூ மாலை விழுந்தது. பாவம், பிள்ளை முகம் மலர்ந்து அம்மாவைப் பார்த்தான்.

எல்லாரும் மருதாயியைப் பார்த்தார்கள். இப்போதாவது இவள் வாய் அடங்கும் என்று பேச்சி நினைத்தாள். மருதாயி மகன் அருகில் போனாள், நெற்றியை நக்கிக் கொடுத்தாள். அடுத்த நொடி அந்த மாலையைக் கொம்பில்லாத தலையால் ஒரு தூக்குத் தூக்கி, வாயில் கவ்விக்கொண்டு ஓட்டம் பிடித்தாள்.

"அம்மா, என் மாலை" என்று கத்திக்கொண்டு துடியன் வட்டத்தை விட்டு எழுந்தான். பின்னாலேயே ஓடினான்.

அதைப் பார்த்த முயல்குட்டிக்குக் கால் துறுதுறுத்தது. அதுவும் எழுந்தது. பன்றிக்குட்டி எழுந்தது. ஒரு குட்டி எழுந்தால் போதாதா? வட்டமாவது சட்டமாவது, எல்லாம் கூச்சல் போட்டுக்கொண்டு மருதாயியைத் துரத்தின. மொக்கையன் எழுந்து நின்று உருண்டை, உருண்டை என்று கத்தினான். ஒரு குட்டியும் திரும்பிப் பார்க்கவில்லை. உருண்டையைவிட இனிப்பான ஒன்று அவற்றுக்குக் கிடைத்திருந்தது.

ஆனால் எவ்வளவு தூரம்? புளியமரத்தின் நிழலைத் தாண்டுவதற்குள் பன்றிக்குட்டி உட்கார்ந்துவிட்டது. துடியன் இன்னும் கொஞ்சம் ஓடி, கால் பின்னிக்கொண்டு நின்றான். முயல்குட்டி, ஆமாம், முயல்குட்டிதான், புதர் வரைகூடப் போக முடியாமல் சுருண்டு படுத்து இளைத்தது. ஓட்டத்துக்கென்றே பிறந்த ஜாதி அது.

முயலம்மாவின் வாயிலிருந்த புல் கீழே விழுந்தது. அப்போதுதான் அவளுக்குக் கரட்டு மலை ஞாபகம் வந்தது. எல்லாருக்குமே வந்தது. ஒரே நேரத்தில் எல்லாரும் மொக்கையன் பக்கம் திரும்பினார்கள். பிள்ளைகளை நம்பி ஒப்படைத்தோமே, இப்படிப் பாழாக்கிவிட்டாயே என்று பேச்சி பாய்ந்தாள்.

மொக்கையனுக்கும் கோபம் வந்துவிட்டது.

"ஒரு நாளாவது யாராவது வந்து, என் பிள்ளை இன்றைக்கு என்ன விளையாடினான் என்று கேட்டீர்களா? அழுதானா, சத்தம் போட்டானா, தின்றானா என்றுதானே கேட்டீர்கள். நீங்கள் கேட்டது அமைதி. அதைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் போனீர்கள்."

பேச்சி பின்வாங்கி, உட்கார்ந்திருந்த தன் மகள் பக்கம் போய் நின்றாள்.

"நீ தூங்கியதும் தப்பு, நாங்கள் கொஞ்சியதும் தப்பு" என்றாள் மருதாயி. "பெரியவர்கள் எல்லாரும் அவரவர் சௌகரியத்தைப் பார்த்துக்கொண்டோம். மலை ஏற வேண்டியது மட்டும் இந்தப் பிஞ்சுக் கால்களா? எந்த ஊர் நியாயம் இது?"

அதற்குள் துடியனுக்கு மூச்சு திரும்பியிருந்தது. மெல்ல வந்து அம்மாவின் விலாவை முட்டினான்.

"மறுபடியும் ஓடும்மா, நான் பிடிக்கிறேன்" என்றான்.

மருதாயிக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடியும் ஓடினாள். இந்த முறை மெதுவாக, பிடிபடுகிற தூரத்தில்.

அன்றைக்கே வட்டங்களை அழித்தார்கள். அம்மாக்கள் முறை வைத்துக்கொண்டு குட்டிக்கூடத்துக்கு வந்து பிடிக்கிற ஆட்டம், ஒளிகிற ஆட்டம், ஓடையைத் தாண்டுகிற ஆட்டம் என்று ஆடினார்கள். முதலில் குட்டிகள் உருண்டை கேட்டு அழுதன. பேச்சிதான் இரங்கி ஒன்று கொடுக்கப் போவாள், மருதாயி முறைத்தால் நிறுத்திக்கொள்வாள். பிறகு விளையாட்டு மும்முரத்தில் குட்டிகளே அதை மறந்துபோய், பசித்தபோது பச்சைப் புல்லையும் கிழங்கையும் தின்றன. பகல் தூக்கத்துக்கு இனி வேறு இடம் பார் என்று மொக்கையனிடம் சொல்லிவிட்டார்கள். அவன் முணுமுணுத்தான், ஆனால் கண்ணைக் கட்டிவிட்டுத் தேடச் சொன்னபோது வந்து தேடினான்.

இப்படியே சில வாரங்கள் போயின, குளம் வற்றியது. விடிந்ததும் யானைகள் முன்னால் நடக்க, காடே கரட்டு மலையில் ஏறியது. வெயில் தாளவில்லை. பாதி மலையில் துடியன் நின்றுவிட்டான். மருதாயி முன்னால் போகிற யானைகளைப் பார்த்தாள், பின்னால் நிற்கிற மகனைப் பார்த்தாள். திட்டவும் வாய் வரவில்லை, விட்டுப் போகவும் கால் வரவில்லை.

அப்போது முயல்குட்டி ஓடி வந்து துடியனின் காலைத் தொட்டது.

"இப்போது நீதான் பிடிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் பாறை மேல் தாவி ஓடியது.

துடியன் அதை ஒரு கணம் பார்த்தான். பிறகு தாவினான். பாறைக்குப் பாறை குட்டிகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஏறின. இளைத்தால் நின்றன, நின்றபின் மறுபடி துரத்தின. மருதாயி உச்சிக்கு வந்து சேர்ந்தபோது துடியன் மறுபக்கச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தான்.

பொழுது சாய்வதற்குள் எல்லாரும் ஆற்றுக்கு வந்துவிட்டார்கள். தண்ணீரைக் கண்டதும் குட்டிகளுக்குக் கேட்கவா வேண்டும்? குதித்தன, உருண்டன, ஊரே அதிரக் கத்தின. ஆற்றில் ஊறிக் கிடந்த எருமை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தது.

"என்ன பிள்ளை வளர்த்திருக்கிறீர்கள்? கொஞ்ச நேரம் சும்மா உட்காரச் சொல்லுங்கள். வாயில் போட்டு மெல்ல ஏதாவது கொடுத்தால் அடங்காதா?"

மானம்மா, முயலம்மா, பன்றியம்மா, எல்லாரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

"அடங்க வேண்டாம்" என்றாள் மருதாயி. "சத்தம் பிடிக்கவில்லை என்றால் நீங்கள் எழுந்து போங்கள். ஆறு பெரியது."

எருமை எழுந்து போயிற்று.

நீதி: ஓடியாடும் வயதில் குழந்தையை உட்கார வைத்துத் தின்னக் கொடுப்பது அன்பு ஆகாது, அது பெரியவர்களின் சோம்பல்.