ஏரிமேட்டில் கேட்ட குரல்

முன்னொரு காலத்திலே, மலைகளுக்கும் காது கேட்டுக்கொண்டிருந்த காலத்திலே, வெண்மலை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு மலையின் தலையில் பாய் விரித்த மாதிரி ஒரு சமவெளி. அதில் பச்சையாய் ஓர் ஏரி, நீலமாய் ஓர் ஏரி, கறுப்பாய் ஓர் ஏரி. ஏரிமேடு என்று அதற்குப் பெயர். கோடையில் அங்கே ஆடு மேய்ப்பார்கள். இலை பழுத்து உதிரத் தொடங்கியதும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அப்புறம் பனி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

அடிவாரத்தில் செவந்தி, பவளம் என்று அக்கா தங்கை இருவர். தாய் தகப்பன் இல்லை, ஒருத்திக்கு ஒருத்திதான் எல்லாம். அந்த வருடம் ஆடுகளை இறக்கிவர பவளம் போனாள். சாயங்காலம் ஆடுகள் வந்தன, பவளம் வரவில்லை.

மேலே போகாதே என்று ஊரே செவந்தியைத் தடுத்தது. தனியாகப் போனால் அங்கே ஒரு குரல் கேட்கிறதாம், கேட்டவர்கள் திரும்புவதில்லையாம். போதாக்குறைக்கு, நாளை ராத்திரியே ஏரிகள் உறைந்துவிடும், பாதையே இருக்காது என்றார் தலையாரி.

"அப்படின்னா அதுக்குள்ளே போயிட்டு வந்துடுறேன்" என்றாள் செவந்தி. விடிந்தும் விடியாததுமாகக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏறிவிட்டாள்.

மரமெல்லாம் மஞ்சள், புல்லெல்லாம் சிவப்பு. தலைக்கு மேலே காட்டு வாத்துகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே பறந்தன. அதையெல்லாம் நின்று பார்க்க அவளுக்கு மனசில்லை. பச்சை ஏரியைச் சுற்றிக்கொண்டு நடந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எங்கே போறே?"

நல்ல காரியமாகக் கிளம்பினவளை இப்படிக் கேட்கலாமா? கேட்டால் போன காரியம் உருப்படாது என்பது அந்த நாட்டிலும் சாஸ்திரம்தான். பரிகாரமும் நம் வீட்டுப் பரிகாரமேதான்: கொஞ்சம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி கிளம்பவேண்டும். செவந்தியும் மனசுக்குள் திட்டிக்கொண்டே கரையில் உட்கார்ந்து ஒரு கை தண்ணீரை அள்ளினாள்.

வெடுக்கென்று ஒரு வாத்து நீந்தி வந்து அவள் கையைக் கொத்தியது. தண்ணீர் சிந்திப்போயிற்று. மறுபடி அள்ளினாள், மறுபடி கொத்து. கொத்திவிட்டுத் தலையை ஒரு பக்கம் சாய்த்து முறைத்தது. கோபம் வந்தால் பவளம் அப்படித்தான் முறைப்பாள்.

செவந்தி கையை உதறிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஏரியில் இன்னும் எத்தனையோ வாத்துகள். இனத்தாரெல்லாம் தெற்கே போய்க்கொண்டிருக்க, இவை மட்டும் பறக்கத் தெரியாமல் பாதையையே பார்த்துக்கொண்டு மிதந்தன. அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் உட்கார்ந்து தண்ணீர் குடித்து வாத்தாகிப்போனவர்கள்! கரையோரம் அப்போதே கண்ணாடி போலப் பனி கட்டியிருந்தது. ஏரி உறைந்தால் இவர்களும் அதோடு உறைந்துபோவார்கள்.

வாத்தை வாரியெடுத்துக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். நீல ஏரியிலும் அதே குரல்.

"எங்கே போறே?"

காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள். மூச்சு வாங்க ஓடியும், பாதை வளைந்து வளைந்து அதே நீல ஏரிக்கே கொண்டுவந்து விட்டது. இன்னொரு முறை ஓடினாள், அதே கதி. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. உட்காரவும் கூடாது, ஓடவும் முடியாது என்றால் மனுஷி என்னதான் செய்வாள்? வருவது வரட்டும் என்று குரல் வந்த திசைக்கே நடந்தாள்.

கறுப்பு ஏரியின் நடுவில் இடுப்பளவு தண்ணீரில் ஒருவன் நின்றான். மந்திரவாதியின் உடை, கையில் கோல். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடத்தான் செவந்தி வாயைத் திறந்தாள். ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் திட்ட வரவில்லை. குளிரில் அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"எங்கே போறே?" என்றான். அதைத் தவிர வேறு வார்த்தை அவன் வாயில் வரவில்லை. கேட்டுவிட்டு, பசித்தவன் தட்டைப் பார்ப்பது போல அவள் வாயையே பார்த்தான்.

அடப்பாவமே, இவனுக்கு வேண்டியது பதில் அல்லவா என்று அவளுக்கு உறைத்தது. எத்தனை பேர் இந்த வழியே போயிருப்பார்கள்! எல்லாரும் சகுனத்தைப் பார்த்தார்களே தவிர, கேட்டதற்குப் பதில் சொன்னவர் ஒருவருமில்லை.

"வீட்டுக்குப் போறேங்க. இது என் தங்கச்சி. இவளைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

அவ்வளவுதான். கம்பளிக்குள் கனம் கூடியது. பவளம் பொத்தென்று புல்லில் விழுந்தாள். மூன்று ஏரிகளிலிருந்தும் ஆணும் பெண்ணுமாகச் சொட்டச் சொட்டக் கரையேறினார்கள். செவந்தி தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். கை வலிக்குதா என்று கேட்டுக் கேட்டுப் பவளமும் அழுதாள்.

மந்திரவாதியும் தள்ளாடிக் கரையேறினான். தன் கதையைத் தலை குனிந்தபடி சொன்னான். பெரிய வித்தை தேடி அவன் கிளம்பிய நாளில், அவன் மகள் இந்த ஏரிவரை பின்னாலேயே ஓடிவந்து, எங்கே போறே அப்பா என்று கேட்டாளாம். சகுனம் கெட்டதென்று அவன் அவளுக்குப் பதிலே சொல்லாமல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தானாம். ஏரித் தேவதைக்கு அது பொறுக்கவில்லை. யாராவது பதில் சொல்லும்வரை நீயும் கேட்டுக்கொண்டே நில், பதில் சொல்லாமல் என் தண்ணீரைக் குடிப்பவரெல்லாம் வாத்தாக மிதக்கட்டும் என்று சபித்துவிட்டாள்.

"எத்தனை வருஷம் ஆச்சோ தெரியலைம்மா. இப்ப எந்த முகத்தை வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவேன்?" என்றான்.

"இருக்கிற முகத்தை வச்சுக்கிட்டுத்தான் போகணும். நாங்க கூட வர்றோம்" என்றாள் செவந்தி.

எல்லாரும் சேர்ந்து இறங்கினார்கள். அவர்கள் அடிவாரத்தைத் தொட்டபோது முதல் பனி தூவியது. அவன் வீட்டு வாசலில் நரைத்த தலையோடு ஒரு பெண் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சாபத்தில் நின்றவனுக்கு வயது ஏறவில்லை, மகளுக்கு ஏறியிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அவள் கையிலிருந்து முறம் நழுவியது.

"வாப்பா," என்றாள். "ஏன் இவ்வளவு நேரம்?"

அந்த நாட்டில் இன்றைக்கும், கிளம்புகிறவர்களைக் குழந்தைகள் எங்கே போறே என்று கேட்டால், நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.