பண்டிதர் படித்த எபிரேயம்

பதினெட்டு மொழி தெரியும் என்று சொல்லிக்கொள்பவருக்கு ஒரு வசதி உண்டு. ஊரில் யாருக்கும் தெரியாத மொழிகளாகப் பார்த்துச் சொல்லிவிட்டால், சோதித்துப் பார்க்க ஆள் இருக்காது. பூங்கரை அரண்மனையில் பண்டிதர் விருத்தகிரி இருபது வருடம் இந்த வசதியில்தான் வயிறு வளர்த்தார்.

அந்த நாட்டு அரசன் விசையேந்திரனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் சிக்கலாகி, அரண்மனை வைத்தியர்கள் கையை விரித்துவிட்டார்கள். கொச்சியிலிருந்து வந்து தங்கியிருந்த தெபோராள் என்ற யூத மருத்துவச்சிதான் தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்தாள். பிள்ளைக்கு இவள் பெயரையே வைப்பேன் என்று அரசி சொல்லிவிட்டாள்.

பண்டிதருக்கு வயிறு எரிந்தது. அரண்மனைப் பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டுவது அவர் உரிமை; சூட்டினால் ஒரு கிராமம் மானியம். சபையில் எழுந்தார். தெபோராள் என்ற எபிரேயப் பெயருக்குக் 'குலத்தை விழுங்குகிறவள்' என்று பொருள், பொழுது சாய்வதற்குள் அவளை எல்லைக்கு அப்பால் விரட்ட வேண்டும் என்று முழங்கினார். பிள்ளை பிழைத்ததே பெரிதென்று நடுங்கிக்கொண்டிருந்த அரசன் யோசிக்காமல் தலையாட்டிவிட்டான்.

தெபோராள் கணவனைக் கடலில் பறிகொடுத்தவள். இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் மூட்டை கட்டினாள். அரசனின் ஆலோசகன் சாத்தப்பன் விஷயம் கேட்டு அவள் வீட்டுக்குப் போனான். அவள் பிறந்த அன்று அப்பா எழுதிவைத்த பெயர்ச் சீட்டை அவள் எடுத்துப் படித்துக் காட்டினாள். படித்த விதத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீட்டோடு நேரே சபைக்கு வந்தான்.

"பண்டிதரே, இதில் அவள் பெயரும் பொருளும் எபிரேயத்தில் இருக்கிறது. நீங்களே வாசித்துவிட்டால் மகாராஜாவுக்கும் நிம்மதி."

பண்டிதர் சீட்டை வாங்கினார். இடது ஓரத்தில் விரலை வைத்து, வலப்பக்கமாக மெல்ல நகர்த்தி, வரிவரியாக முணுமுணுத்தார்.

"நான் சொன்னதேதான். குலத்தை விழுங்குகிறவள்."

சாத்தப்பன் சீட்டை அரசனிடம் நீட்டினான்.

"மகாராஜா, வலது ஓரத்தில் எல்லா வரியும் நூல் பிடித்தது போல நிற்கிறது. இடது ஓரத்தில் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. கடைசி வரி பாதியிலேயே நின்று, இடப்பக்கம் காலியாகக் கிடக்கிறது. எழுதியவர் எங்கே தொடங்கியிருப்பார்?"

"வலப்பக்கம்" என்றான் அரசன்.

"எபிரேயத்தை அப்படித்தான் எழுதுவார்களாம். நம் பண்டிதர் ஒவ்வொரு வரியையும் அது முடிகிற இடத்தில் தொடங்கிப் படித்தார். அதிலும் அவருக்கு அர்த்தம் கிடைத்திருக்கிறது, பாருங்கள்."

சபை கொல்லென்று சிரித்தது. துறைமுகத்திலிருந்து யூத வணிகர் இருவரை வரவழைத்துத் தனித்தனியே கேட்டார்கள். தெபோராள் என்றால் தேனீ என்று இருவருமே சொன்னார்கள். அவர்கள் வேதத்தில் அந்தப் பெயரில் ஒரு பெண் நியாயாதிபதி இருந்தாளாம். பேரீச்ச மரத்தடியில் உட்கார்ந்து வழக்குத் தீர்த்தவளாம்.

அரசன் தன் அவசரத்துக்கு வெட்கப்பட்டு, தெபோராளிடம் மன்னிப்புக் கேட்டான். குழந்தைக்கு அந்தப் பெயரே நிலைத்தது. மானியக் கிராமமும் மருத்துவச்சிக்கே போனது.

"இந்த ஆளை என்ன செய்யலாம்?" என்று அரசன் பண்டிதரைக் காட்டிக் கேட்டான்.

"அவளுக்குச் சொன்ன தண்டனையே போதும், மகாராஜா. பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டட்டும்" என்றான் சாத்தப்பன். "ஆனால் கூடவே ஒரு காவலனை அனுப்பி வழி காட்டச் சொல்லுங்கள். தனியாக விட்டால், முடிகிற இடத்திலிருந்து கிளம்பி அரண்மனைக்குள்ளேயே வந்து நிற்பார்."