தவசிலிங்கம் அண்ணாச்சி ஜப்பானுக்கு வழி சொன்னது

எங்கள் பிரஸ்ஸில் ஃபோர் கலர் மெஷின் ஓட்டுகிற தவசிலிங்கம் அண்ணாச்சி ஜப்பான் போய்வந்தது உண்மை. அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மெஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறார். இருபத்து நாலு வருஷமாக ஜப்பான் மெஷினை ஓட்டுகிறவன் அது பிறந்த ஊரை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று, இரண்டு வருஷத்துக்கு முன்னால், டூர் கம்பெனி எதுவும் இல்லாமல் தனி ஆளாகப் பதினோரு நாள் போய்வந்தார். சந்தேகமெல்லாம் அங்கே என்ன நடந்தது என்பதில்தான். பதினோரு நாள் கதையை இரண்டு வருஷமாகச் சொல்கிறார், இன்னும் நாலாம் நாளைத் தாண்டவில்லை.

நான் அதே பிரஸ்ஸில் டிசைனர். மாரிச்செல்வி என்று பெயர். சிவகாசியில் அடிக்கிற காலண்டர்களில் பனிமூடிய ஒரு மலை வரும், பார்த்திருப்பீர்கள். பதினோரு வருஷமாக அந்த ஜப்பான் மலையை நான்தான் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு வருஷம் அவசரத்தில் முருகனுக்குப் பின்னாலும் அதை வைத்துவிட்டேன், காலண்டர் அடிக்கக் கொடுத்த பார்ட்டி பார்த்துவிட்டு பழனி நன்றாக வந்திருக்கிறது என்றார். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த மலையை நேரில் ஒருதடவை பார்த்துவிடுவது என்று. ஏப்ரல் பத்தாம் தேதிக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டேன்.

டிக்கெட் போட்டதை வீட்டில் சொன்ன நாளிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. நான் பட்டினி கிடப்பேன் என்றோ பணம் போகும் என்றோ அம்மா கவலைப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பாஷை தெரியாத ஊர்ல வழி தெரியாம நின்னா உன்னைய யாரு கூட்டிட்டுப் போய் விடுவா?" பதில் வரும் வரைக்கும் பேசுவதாக இல்லை என்று ஆறு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தாள். சாப்பாடு மட்டும் கட்டித் தந்தாள்.

மார்ச் மாதம் பிரஸ்ஸில் வேலை மந்தம். மதியச் சாப்பாடு நீளும். பேப்பர் கட்டுகளின் மேல் உட்கார்ந்து சாப்பிடுவோம். அன்றைக்கு அண்ணாச்சி இருந்தார், கட்டிங் மெஷின் குருசாமி அண்ணன் இருந்தார், பைண்டிங்கில் வேலை பார்க்கிற பாக்கியத்தக்கா இருந்தாள். நான் நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்து, தனியாகப் போகிறேன், என்னென்ன செய்யணும், சொல்லுங்கள் அண்ணாச்சி என்றேன். அவர் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டார். அதைப் பார்த்ததும் குருசாமி அண்ணன் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், நேரமாகும் என்று தெரிந்துவிட்டது.

முதலில் விசா என்றார். எந்த நாள் எந்த ஊர், எந்த ஓட்டல் என்று நாள்வாரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். இதை எழுதிக்கொண்டேன். மற்றவர்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்களாம். அண்ணாச்சி தொண்ணூற்றாறு பக்கம், ஆர்ட் பேப்பரில், நாலு கலரில் அடித்து, தைத்து, தங்க எழுத்து போட்டுக் கொடுத்தாராம். எத்தனை மணிக்குப் பல் விளக்குவேன், எந்தப் படியில் கால் இடறும் என்பது வரைக்கும் அதில் இருந்ததாம். அதிகாரி அதை இரவல் வாங்கிக்கொண்டு போனவர் இன்றைக்குவரை திருப்பித் தரவில்லையாம். அங்கே பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பாடமாக வைத்திருப்பதாகக் கேள்வியாம்.

"பைண்டிங் யாரு பண்ணினா?" என்று பாக்கியத்தக்கா கேட்டாள். நீதானே பண்ணினே, மறந்துட்டியா என்றார் அண்ணாச்சி. அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம், பண்ணின மாதிரிதான் இருக்கு என்றாள்.

அடுத்து எப்போது போவது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரைக்கும் போகவே கூடாது, அந்த நாட்டுக்கே சேர்ந்தாற்போல் லீவு, ரயிலில் நிற்க இடம் இருக்காது என்றார். எழுதிக்கொண்டேன். மார்ச் கடைசியில் போனால் செர்ரிப் பூ. எந்த ஊரில் எந்தத் தேதியில் பூக்கும் என்று மழை அறிவிப்பு மாதிரி டிவியில் சொல்வார்கள், அதைப் பார்த்துக்கொண்டு கிளம்பலாம் என்றார். குருசாமி அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. நம் ஊரில் மழை எப்போது வரும் என்றே சரியாகச் சொல்ல முடியவில்லை, பூ பூக்கிறதைத் தேதி போட்டு ஒருத்தன் சொல்வானாக்கும் என்று வாதம் பண்ணினார். அண்ணாச்சி அதோடு விட்டுவிட்டு மேலே போனார். அவர் போய் இறங்கியபோது பூத்திருந்ததாம், ஆனால் கலர் சரியில்லையாம். நாங்கள் ரோஸுக்குப் போடுகிற மெஜந்தா அஞ்சு பெர்சென்ட் கம்மி. தோட்டக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னாராம். அவர் வேரில் என்னவோ ஊற்ற, மறுநாள் காலையில் மூவாயிரம் மரமும் சரியான கலருக்கு வந்துவிட்டதாம்.

குருசாமி அண்ணன் தலையாட்டினார். "அண்ணாச்சி கண்ணுக்கு மெஜந்தா கம்மின்னா கம்மிதான்" என்றார்.

இப்படித்தான் அன்றைக்கு முழுக்கப் போயிற்று. பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறாதே, இந்த ஓட்டலில் கொடுத்தால் மறுநாள் அடுத்த ஊர் ஓட்டலில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள் என்றார் அண்ணாச்சி. அதற்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். முன்பின் தெரியாதவனிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகிற முட்டாள் யார் என்றார்கள். ஆனால் மூன்றாம் நாள் நடக்க முடியாமல், தன் சட்டைப் பொத்தானிலேயே சீட்டைக் கட்டித் தன்னையே அனுப்பிக்கொண்டதாகவும், மறுநாள் காலை பத்து மணிக்கு அடுத்த ஊரில் ஒரு கசங்கல் இல்லாமல் இறக்கி வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டதாகவும் அவர் சொன்னபோது, பாக்கியத்தக்கா கேட்டது ஒன்றுதான். நிற்க வைத்து அனுப்பினார்களா, படுக்க வைத்தா. படுக்க வைத்துத்தான், 'மேல்பக்கம் இது' என்று நெற்றியில் அம்புக்குறி ஒட்டியிருந்தார்கள் என்றார் அண்ணாச்சி.

சாப்பாட்டில் கவனமாக இரு, காய்கறி சூப்பு என்று கொடுப்பதிலும் மீன் வேகவைத்த தண்ணீர் இருக்கும், இன்னின்னது சாப்பிட மாட்டேன் என்று அவர்கள் பாஷையில் ஒரு அட்டை எழுதி வைத்துக்கொள் என்றார். நல்ல யோசனை. நான் அடிக்கோடு போட்டேன். அண்ணாச்சிக்கு வெள்ளிக்கிழமை சைவம். அதனால் அட்டையை ஆயிரம் காப்பி அடித்துக்கொண்டு போய் ஓட்டல் ஓட்டலாகக் கொடுத்திருக்கிறார். அவர்கள் அதை ஏதோ சாமி நோட்டீஸ் என்று நினைத்துக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டார்களாம். இப்போது அந்த ஊரில் நானூறு குடும்பம் வெள்ளிக்கிழமை கவிச்சி தொடுவதில்லையாம். செவ்வாய்க்கிழமை எப்படி என்று விசாரித்தாள் அக்கா.

தெருவில் குப்பைத்தொட்டி கிடையாது, குப்பையைப் பையில் போட்டு ரூமுக்குக் கொண்டுவரணும், அப்படியும் தெரு துடைத்த மாதிரி இருக்கும் என்றதற்குக் குருசாமி அண்ணனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. நாங்களும் சோறுதான் சாப்பிடுகிறோம் என்றார். அவரைச் சமாதானப்படுத்த அண்ணாச்சி ரயில் கதைக்கு வந்தார். புல்லட் ரயிலில் ஏறும் முன்னால் பிளாட்பாரத்தில் "ஒரு டீ" என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறார். ஏறியதும் கதவு மூடிவிட்டது. ரயில் அடுத்த ஊரில் நின்றது. இவர் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி உதறி மாட்டிக்கொண்ட பிறகு, பின்னாலிருந்து இவர் குரலே "ஒரு டீ" என்று வந்து சேர்ந்ததாம். அங்கிருந்த கடைக்காரர் அதைக் கேட்டு டீ போட்டுக் கொடுத்தாராம்.

"சீனி போட்டா, போடாமலா?" என்றார் குருசாமி அண்ணன். கோபம் தணிந்திருந்தது.

நான் மலையைப் பற்றிக் கேட்டேன். அது எனக்கு முக்கியம். அண்ணாச்சி, அது லேசில் முகம் காட்டாது, பாதி நாள் மேகத்துக்குள் இருக்கும், ஒரே நாளை அதற்கென்று வைக்காதே, இரண்டு நாள் கையில் வைத்துக்கொள், விடிந்ததும் போய்ப் பார் என்றார். அப்புறம் வழக்கம்போல, தான் போன அன்றைக்கு மேகம் விலகாததால், மெஷின் துடைக்கிற துணியால் தானே துடைத்துவிட்டதாகவும், துணியில் பழைய கறுப்பு மை இருந்ததால் மலையின் கீழ்ப்பாதி கறுப்பாகிப்போனதாகவும் சொன்னார். முன்னே முழுக்க வெள்ளையாகத்தான் இருந்ததாம். பாக்கியத்தக்கா என்னைப் பார்த்து, அடுத்த காலண்டரில் கீழே கறுப்பை நீ எடுத்துவிடு என்றாள்.

சாப்பாட்டு நேரம் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. எனக்கு அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. நோட்டை மூடிவிட்டுக் கேட்டேன்.

"அண்ணாச்சி, வழி தப்பிட்டா என்ன செய்யணும்?"

அண்ணாச்சி மேல்துண்டை எடுத்து மடியில் போட்டு ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். ஜப்பான் கதை சொல்லுகிற இந்த இரண்டு வருஷத்தில் அவர் இப்படி யோசித்து நான் பார்த்ததில்லை.

"தப்பிட்டேன் தாயி" என்றார். "நாலாம் நாள். ஒரு ஸ்டேஷன், இருநூறு வாசல் இருக்கும். வாசலுக்கு வாசல் நம்பர் போட்டிருப்பான், நான் பாக்கல, ஏதோ ஒண்ணுல வெளிய வந்துட்டேன். மழை. போன்ல சார்ஜ் இல்ல. ஓட்டல் பேரு எழுதின தாள் நனைஞ்சு பாதி அழிஞ்சுபோச்சு. மூணு மணி நேரம் சுத்தினேன், சுத்திச் சுத்தி அதே படிக்கட்டுக்கே வாரேன். கடைசில அந்தப் படியிலயே உக்காந்துட்டேன். அம்பத்தாறு வயசு எனக்கு. அழுகை வந்துருச்சு."

அவர் எங்களைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனார். ஒரு அம்மா வந்து நின்றாளாம். அறுபது வயதிருக்கும். கையில் காய்கறிப் பை, அதில் நீட்டு நீட்டாக வெங்காயத்தாள். இவர் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தாள். யாருக்கோ போன் பண்ணினாள். அப்புறம் வா என்று கையைக் காட்டிவிட்டு நடந்தாள். நாற்பது நிமிஷம். அவளுக்கு நம் பாஷை தெரியாது, இவருக்கு அவள் பாஷை தெரியாது. ஒரு வார்த்தை பேசவில்லை. குடையை இவர் பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்ததில் அந்தம்மாவுக்கு ஒரு பக்கத் தோள் முழுக்க நனைந்துவிட்டது.

"ஓட்டல் வாசல்ல விட்டுட்டுக் குனிஞ்சு கும்பிட்டா. நான்தான கும்பிடணும், அவ கும்பிடுதா. அப்புறம் வந்த வழியே திரும்பி நடந்து போயிட்டா. அப்பத்தான் எனக்குத் தெரியுது, அவ வீடு இந்தப் பக்கமே இல்லன்னு. பேருகூடக் கேக்கல நான்."

நான் குனிந்து நோட்டின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குருசாமி அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"இவ்வளவு நேரம் சொன்னீங்க, கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். இது புளுகு அண்ணாச்சி."

அண்ணாச்சி நிமிர்ந்தார். இல்லப்பா, நிஜமாத்தான் என்றார். பாக்கியத்தக்காவும் ஒத்துக்கொள்ளவில்லை. பொம்பளை, கையில் காய்கறி, வீட்டில் உலை வைக்கணும், முன்பின் தெரியாத ஆம்பிளைக்காக மழையில் நாற்பது நிமிஷம் நடப்பாளா, அவளுக்கு வேறு வேலை இல்லையா, கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு வேண்டாமா என்றாள். அண்ணாச்சி இன்னும் ஒருதடவை அந்தக் குடையைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார். அதுதான் நம்பவே முடியவில்லை என்றார் குருசாமி அண்ணன்.

அண்ணாச்சி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி, சொல்லிருதேன். அந்தம்மா மந்திரியோட மாமியா. நான் வாரது தெரிஞ்சு நாலு நாளா என்னையத் தேடிட்டு இருந்திருக்காக."

"அதான பாத்தேன்" என்று குருசாமி அண்ணன் எழுந்து கை கழுவப் போனார். பாக்கியத்தக்காவும் திருப்தியாக டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள். அண்ணாச்சி என்னைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே போய், நான் நம்புகிறேன் என்று சொன்னேன். அவர் மை டப்பாவைத் திறந்துகொண்டே, வாசல் நம்பரைப் பார்த்து வெளியே வா தாயி, ஓட்டல் அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு வை, போனுக்கு பேட்டரி ஒன்று தனியாக எடுத்துக்கொள் என்றார். அன்றைக்கு அவர் புளுகு சேர்க்காமல் சொன்ன யோசனை அது ஒன்றுதான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் அந்த நாற்பது நிமிஷக் கதையைச் சொன்னேன், நடந்தது நடந்தபடி, தோள் நனைந்தது வரைக்கும். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் ஆறு நாளில் முதல்முறையாக வாயைத் திறந்து, யார் காதில் பூச்சுற்றுகிறாய் என்றாள். மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் டிக்கெட்டை நினைத்துக்கொண்டேன்.

"அந்தம்மா மந்திரியோட மாமியாராம்" என்றேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். அண்ணாச்சிக்கு அந்த வீட்டில் பழக்கம் உண்டா என்று கேட்டாள். நல்ல பழக்கம் என்றேன். அதை முதலிலேயே சொல்ல வேண்டியதுதானே என்று கோபித்துக்கொண்டாள், ஆறு நாளாகத் தூங்கவில்லை என்றாள், பெட்டியில் சால்வை வைத்திருக்கிறாயா, அங்கே குளிருமாமே என்று கேட்டாள். அப்புறம் அரிசியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனவள் நின்று திரும்பிச் சொன்னாள்.

"பெரிய எடம். வெறுங்கையோட போய் நிக்காத. சாத்தூர் சேவு ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போ."