மாப்பிள்ளை பாய் மாறிய கதை

முன்னொரு காலத்தில், மழை சொன்ன சொல் தவறாமல் பெய்த ஒரு நாட்டில், ராஜாவுக்குப் பல்வலி வந்தது கண்ணுகளா. வைத்தியர்கள் கைவிட்ட வலி. ராஜா தன் குலதெய்வமான வேலங்காட்டுக் கருப்பரை வேண்டிக்கொண்டு படுத்தார். விடிந்தால் வலி போன இடம் தெரியவில்லை! சந்தோஷம் அவருக்குத் தலைக்கேறிவிட்டது.

"இப்பேர்ப்பட்ட சாமியை நான் மட்டும் கும்பிட்டால் போதுமா? நாடே கும்பிட வேண்டாமா?" என்று சபையில் கேட்டார்.

இதற்காகவே காத்திருந்தவர்போல மந்திரி சாத்தப்பர் எழுந்தார். அரசவை விகடகவி மூக்கையன் தோளில் ராஜா கைபோட்டுப் பேசுவது அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். மூக்கையன் வீட்டுக் குலதெய்வம் பேச்சியம்மன் என்பதும், அவன் மனைவி அதை எதற்காகவும் விடமாட்டாள் என்பதும் அவருக்குத் தெரியும்.

"மன்னர் பெருமானே! பிள்ளைகளிடமிருந்து தொடங்கலாம். நம் பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில், 'கருப்பரே எங்கள் வீட்டுக் குலதெய்வம்' என்று பிள்ளைகள் சத்தியம் செய்யட்டும். சொல்லாத பிள்ளைக்குப் பள்ளியில் இடமில்லை. அதன் தகப்பனுக்கு அரண்மனையில் வேலையில்லை. அங்கே உதவி வாத்தியாராக இருக்கும் என் மகன் சேந்தனே முன்நின்று சொல்லிக்கொடுப்பான்."

அந்தச் சேந்தனுக்குத்தான் இளவரசியைக் கொடுப்பதாகப் பேச்சு. வருங்கால மாப்பிள்ளைக்கு இத்தனை பக்தியா என்று ராஜா பூரித்துப்போனார்.

ஊரே வரிகொடுத்துக் கட்டிய பள்ளிக்கூடம் அது. குயவர் பிள்ளை, மரைக்காயர் பிள்ளை, சமண வணிகர் பிள்ளை எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து படித்த இடம். இப்போது சில பிள்ளைகள் பயந்து முணுமுணுத்தன. பல பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நின்றே விட்டன. மூக்கையன் மகள் அன்னக்கொடி மட்டும் வரிசையில் நின்றுகொண்டு வாயை இறுக மூடிக்கொண்டாள்.

சாத்தப்பர் ஓடிப்போய்ச் சொன்னார். ராஜா முகம் சிவந்தது.

"மூக்கையா! நாளை என் மகளுக்கு நிச்சயதார்த்தம். அதுவரை பொறுக்கிறேன். மறுநாள் காலை உன் மகள் சத்தியம் சொல்லவில்லையென்றால், அவளுக்குப் பள்ளி இல்லை. உனக்குச் சபை இல்லை."

வீட்டில் மனைவி வெள்ளையம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏங்க, கருப்பரை நான் குறை சொல்லலை. போற வழியில கோயிலைப் பாத்தா கும்பிடத்தானே செய்யறேன்? ஆனா நம்ம பேச்சியை இல்லைன்னு பிள்ளை சொல்லணுமா? படிக்கப் போற இடத்துல முதல் பாடமே பொய்யா?"

"அழாதே. ஊரே பொய்யின்னு நினைக்கிற அந்தச் சத்தியத்தை, நாளைக்கு நான் ஒருத்தன் முழுசா நம்பப் போறேன்" என்றான் மூக்கையன்.

மறுநாள் அரண்மனை மண்டபத்தில் இரண்டு பெரிய பாய்கள் விரித்திருந்தார்கள். பெண் வீட்டுப் பங்காளிகளுக்கு ஒன்று. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்று. ராஜா தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்த நேரம், மூக்கையன் உள்ளே வந்தான். அவன் பின்னால் குயவர்களும் வண்ணார்களும் செக்கு ஆட்டுகிறவர்களும் வரிசையாக வந்து, பெண் வீட்டுப் பாயில் சட்டமாக உட்கார்ந்தார்கள். அதோடு விட்டானா? நேரே போய்ச் சேந்தன் கையைப் பிடித்து இழுத்தான்.

"பொண்ணுக்கு அண்ணன் முறை நீ. அங்கே உட்காரலாமா தம்பி? இந்தப் பாய்க்கு வா!"

"அடே மூக்கையா! புத்தி பேதலித்துவிட்டதா?" என்று சாத்தப்பர் துள்ளினார்.

"மந்திரி பெருமானே, ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள் அல்லவா? பங்காளி வீட்டில் பெண் எடுக்கும் வழக்கம் உண்டா? கருப்பரே எங்கள் வீட்டுக் குலதெய்வம் என்று தங்கள் மகன் தினமும் தொண்டை கிழியச் சத்தியம் செய்ததை ஊரே கேட்டது."

அப்போது குயவர் வேடியப்பன் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தார்.

"மகராசா, கோவிச்சுக்கப்படாது. என் பிள்ளையும் அந்தச் சத்தியம் சொல்லிட்டான். எங்க வீட்ல முந்தாநாள்தான் குழந்தை பொறந்திருக்கு. பங்காளின்னா உங்களுக்கும் தீட்டாச்சே... அந்தத் தட்டைத் தொடலாமுங்களா?"

ராஜா சுடுசட்டியைத் தொட்டவர்போலத் தாம்பூலத் தட்டைக் கீழே வைத்தார்.

சாத்தப்பருக்கு வேர்த்துக் கொட்டியது. "மன்னவா, மன்னவா! அது வெறும் பள்ளிக்கூடப் பேச்சு! அதற்கெல்லாம் பொருள் உண்டா?"

"பொருளில்லாத பேச்சு என்றால் பிள்ளைகளை மிரட்டிச் சொல்லவைப்பானேன்? பொருளுள்ள சத்தியம் என்றால் இங்கே கல்யாணம் ஏது? இரண்டில் ஒன்றை மந்திரியாரே சொல்லட்டும்" என்றான் மூக்கையன்.

சாத்தப்பர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ராஜா அவரைப் பார்த்தார். பெண் வீட்டுப் பாயில் விழித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், மண்டபத்துப் புறாக்கள் பறந்துவிட்டன!

"மூக்கையா, ஊருக்கெல்லாம் பங்காளியாகிப் பத்து வீட்டுத் தீட்டையும் காக்க இருந்தேன், பிழைத்தேன்! மிரட்டி வாங்கிய சொல்லுக்குக் கருப்பர் சாட்சி நிற்கமாட்டார். அந்தச் சத்தியம் இன்றோடு செல்லாது. என் சாமி என் வீட்டில், அவரவர் சாமி அவரவர் வீட்டில். பள்ளிக்கூடத்தில் எழுத்தும் கணக்கும் மட்டும். சாத்தப்பரே, உம்முடைய மகனை மாப்பிள்ளை வீட்டுப் பாய்க்குக் கூட்டிக்கொண்டு போம்!"

தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மூக்கையனுக்குப் போட்டார். குயவர் வீட்டுக் குழந்தைக்கு ஒரு வெள்ளிச் சங்கும் கொடுத்தனுப்பினார்.

மூக்கையன் வீடு திரும்பியபோது வெள்ளையம்மா வாசலிலேயே நின்றாள். மாலையை அவள் பார்க்கவே இல்லை.

"பிள்ளை நாளைக்குப் போகலாமா?"

"போகலாம். நம்ம பிள்ளை மட்டுமா? எல்லாப் பிள்ளையும்."

அவள் விட்ட பெருமூச்சில் அடுப்பே அணைந்திருக்கும். அன்னக்கொடி அதற்குள் தூங்கிவிட்டிருந்தாள். அந்தப் பிள்ளைகள் படித்துத் தேறினார்கள். கேட்ட நீங்களும் தேறுவீர்கள், என் தங்கங்களா.