நிலைப்படியில் ஒரு பென்டிரைவ்

"திரும்பவும் வைரஸ் வந்துடுச்சு டீச்சர்" என்றார் சிதம்பரநாதன்.

சிபியூவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மாடியேறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது.

ரெஜினா டீச்சருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். பேருந்து நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறவர். பஸ் டெப்போ வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மவுஸைப் பிடிக்கவே சிதம்பரநாதன் இவரிடம்தான் கற்றுக்கொண்டார்.

"போன வாரம்தானே விண்டோஸைப் புதுசா போட்டீங்க?"

"போட்டேன். ஆன்டிவைரஸ் இருக்கு. பயந்துபோய் நெட் ஒயரைக்கூடப் பிடுங்கிட்டேன். எலுமிச்சம்பழமும் கட்டினேன்."

"பழத்துக்கு அப்டேட் வருதா?"

அவர் சிரிக்கவில்லை.

"வள்ளிமயில் குரலைக் கேக்கலாம்னு அமுக்கினா, ஏதோ விளம்பரம் வருது டீச்சர். அது போயிடுச்சுன்னா எனக்கு வேற இல்ல."

வள்ளிமயில் அவருடைய மனைவி. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பக்கத்து வீட்டம்மாவோடு அவள் பேசியதை ஒருநாள் சும்மா போனில் பதிவு செய்திருந்தார். அவளும் போனாள், போனும் உடைந்தது. மிச்சம், அந்தப் பதிவை ஏற்றிவைத்திருந்த ஒரு பென்டிரைவ்.

டீச்சர் கையை நீட்டினார். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மஞ்சள் துணியில் சுற்றியிருந்தது.

"இது எங்கெங்க போயிட்டு வந்தது?"

"திதிக்குப் படத்தைப் பெரிசு பண்ண ஸ்டூடியோவுக்கு. அப்புறம் அச்சாபீஸ். அங்கேருந்து நேரா வீட்டுக்கு."

"சொருகினதும் ஆன்டிவைரஸ் ஒண்ணும் சொல்லலையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சிவப்பா ஒரு பெட்டி வந்துச்சு. நீக்கவா, அனுமதிக்கவான்னு கேட்டுச்சு."

"நீங்க?"

"அனுமதின்னு அமுக்கினேன்." குரல் உயர்ந்தது. "அவ நடமாடின வீடு டீச்சர். அவளை வாசல்ல நிறுத்தி வச்சு ஒரு மிஷின் சோதிக்கணுமா?"

டீச்சர் எழுந்துபோய் பென்டிரைவை அறையின் நிலைப்படி ஓரமாக வைத்துவிட்டு வந்தார்.

"அங்கேயா?"

"இருக்கட்டும்."

விண்டோஸை மறுபடி புதிதாகப் போட்டார். நெட் ஒயரைச் சொருகி அப்டேட்டுகளை இறக்கினார். ஆன்டிவைரஸை ஓடவிட்டார். அதுவரை சிதம்பரநாதனின் கண் நிலைப்படியிலேயே இருந்தது.

"வள்ளிமயில் அம்மா என்ன வேலை பாத்தாங்க?" என்றார் டீச்சர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பெரியாஸ்பத்திரியில நர்ஸ். டிபி வார்டு."

"வேலை முடிஞ்சு எப்படி வீட்டுக்கு வருவாங்க?"

அவர் முகம் மலர்ந்தது.

"அதை ஏன் கேக்கறீங்க! கொல்லை வழியாத்தான் வருவா. சேலையைக் கொதிக்கிற தண்ணியில போட்டு, தலைக்கு ஊத்திக்கிட்டுத்தான் உள்ள கால் வைப்பா. பிள்ளை அழுதுக்கிட்டு ஓடினாலும் தொட விடமாட்டா. கல்நெஞ்சுக்காரின்னு எங்கம்மா திட்டாத நாள் இல்ல. ஆனா எங்க வீட்டுல ஒருத்தருக்கு ஒரு இருமல்..."

நிறுத்தினார்.



எழுந்துபோய் பென்டிரைவைத் தானே எடுத்துவந்தார். தானே சொருகினார்.

சிவப்புப் பெட்டி வந்தது.

மவுஸில் கை வைத்தவர் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். "அவ குரலு..."

"அதைத் தொடாது. ஒட்டிக்கிட்டு வந்ததைத்தான் எடுக்கும்."

நீக்கு என்று அமுக்கினார்.

பச்சைக் கோடு மெல்ல ஊர்ந்து முடிந்தது. ஸ்பீக்கரில் கத்தி பலகையில் தட்டும் ஓசை. பிறகு அவள்: "பாருங்கக்கா, பூரா முத்தலாப் பாத்துப் போட்டிருக்கான். இவருக்கு வாங்கத் தெரியுமா என்ன!"

சிதம்பரநாதன் அழுதுகொண்டே சிரித்தார். டீச்சரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

டீச்சர் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு எழுந்தார்.

"நன்றி வாங்க வேண்டியவங்க இப்பத்தானே உள்ள வந்திருக்காங்க. அவங்ககிட்ட சொல்லுங்க."