மேல்காற்றில் ஓடிய சைக்கிள்

ஓர் ஆற்றங்கரைக் காட்டில் சிங்காரம் என்ற நரியும் ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றியும் நண்பர்களாக இருந்தன. ஆனி மாதத்தில் ஒருநாள், இரண்டும் ஆளுக்கொரு சைக்கிளில் கடலைப் பார்க்கக் கிளம்பின. ஆற்றை ஒட்டியே கரைப்பாதையும் கிழக்கே போனது.

புறப்படும்போது நரியின் தங்கை ஓடிவந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டது.

"அண்ணே! வெள்ளிக்கிழமை காலையில என் பொண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியிலதான் உட்கார வைக்கணும். மறந்துடாதே!"

"மறப்பேனா! என் மருமகளாச்சே!" என்றது சிங்காரம்.

அவசரமே இல்லாத பயணம் அது. நினைத்த இடத்தில் குளித்தன. மருத மரத்தடியில் தூங்கின. எழுந்தால் நாவல் பழம்! சிங்காரம் பெடலை இரண்டு மிதி மிதித்தால் போதும், சைக்கிள் தானாக ஓடியது.

"என் கால் பலத்தைப் பார்த்தியா!" என்று அது அலட்டிக்கொண்டது.

புதன்கிழமை ஈட்டியப்பன் பிரேக்கைப் பிடித்தது.

"திரும்பிடுவோம்பா! அந்த நாணலைப் பாரு, அத்தனையும் நாம போற பக்கமே சாயுது. நம்மைத் தள்றது மேல்காத்து. திரும்பினா அதே காத்து மூஞ்சியில அடிக்கும்!"

"உடம்பெல்லாம் முள்ளை வச்சுக்கிட்டுக் காத்துக்குப் பயப்படறியே! நாளைக்குக் கிளம்பினாலும் பொழுது சாயறதுக்குள்ள வீட்டுல இருப்பேன்!"

ஈட்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டு மேற்கே மிதித்தது. முடியாத இடத்தில் இறங்கித் தள்ளியது. சிங்காரமோ சீட்டியடித்தபடி போய், கடலில் கால் நனைத்து, ஆசை தீர ஆட்டம் போட்டது.

வியாழக்கிழமை காலையில் சைக்கிளைத் திருப்பியதும் காற்று ஓங்கி அறைந்தது. எழுந்து நின்று மிதித்தும் சக்கரம் நகர மறுத்தது. கண்ணெல்லாம் மண். "ஐயோ, என் மருமகள்!" என்று புலம்பிக்கொண்டே வழியெல்லாம் தள்ளியது.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் நாக்குத் தள்ள வந்து சேர்ந்தபோது, பந்தலில் சாப்பாடு முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மருமகள் குட்டி புதுத் தோடு மின்ன ஈட்டியப்பன் மடியில் உட்கார்ந்திருந்தது.

"நல்ல நேரம் நமக்காக நிக்குமா அண்ணே? எத்தனை தடவை பாதையைப் பார்த்தேன் தெரியுமா!" என்றது தங்கை. "கடைசியில இவருதான் மடி கொடுத்தாரு. வயித்துல முள்ளு இல்லாததால பிள்ளை சுகமா உட்கார்ந்துச்சு!"

"ஊசி தேடுற வேலையும் மிச்சம்!" என்று யாரோ சொல்ல, பந்தலே சிரித்தது.

சிங்காரத்துக்கு அழுகைதான் வந்தது. கைகளை நீட்டி, "தங்கம்! மாமா மடிக்கு வா!" என்றது.

குட்டி ஈட்டியப்பனின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

"நான் மாமா மடியிலதானே இருக்கேன்!"

பின்னாலிருந்து தள்ளும் காற்றைத் தன் கால் பலம் என்று நம்புகிறவர், திரும்ப வேண்டிய நேரத்தைக் கோட்டைவிடுவார்.