போர்டில் குறை இல்லை

"டீச்சர், போர்டுல ஒரு குறையும் இல்ல. குறை அந்தம்மா கையிலதான்."

இன்னாசி இதைச் சொல்வது மூன்றாம் முறை.

முப்பது வருஷம் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வீட்டில் சும்மா உட்கார முடியாமல், சுபைதாவின் கடையில் மின்சாதனங்களின் போர்டு ரிப்பேர் கற்க வந்திருந்தார். சுபைதாவுக்கு வயது முப்பத்தொன்று. இன்னாசியின் மகளைவிட இரண்டு வயது குறைவு. இருந்தாலும் டீச்சர் டீச்சர்தான்.

மேசைமேல் ஒரு ஓவனின் கண்ட்ரோல் போர்டு கிடந்தது. அனுப்ப அனுப்ப வேதாளம் மாதிரி திரும்பி வந்துகொண்டிருந்த போர்டு.

"அவங்க என்ன சொல்லுதாங்க?" என்று சுபைதா கேட்டார்.

"வேகுததுக்குள்ள சூடு போயிடுதாம். மக்ரூன் அமுங்கிப் போகுதாம். நான் பத்து நிமிஷம் கரண்ட் குடுத்துப் பாத்துட்டேன் டீச்சர். எல்லாம் சரியாத்தான் ஓடுது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சுபைதா சிரிக்கவில்லை.

"போர்டை அங்க கொண்டுபோய் மாட்டுங்க அண்ணாச்சி. வரும்போது அந்த ஓவன்ல வெந்த மக்ரூன் ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

"மக்ரூன்தானே? முக்குக் கடையிலயே நல்லதா..."

"அந்த ஓவன்ல வெந்தது."

உச்சி வெயிலில் இன்னாசி சைக்கிளை மிதித்தார். டீச்சருக்கு நாக்கு ஊறினால் சிஷ்யனுக்குக் கால் வலிக்க வேண்டும் போலிருக்கிறது.

கதவைத் திறந்தவர் அமலோற்பவம். மக்ரூன் போட்டு வீடு வீடாகக் கொடுத்துப் பேர் வாங்கியவர்.

"மாட்டாதீங்க அண்ணாச்சி. ஓவனை ஒருத்தருக்குக் குடுக்கப் போறேன். அஞ்சு மணிக்கு ஆள் வருது."

"ஏம்மா?"

அமலோற்பவம் அடுக்களைச் சுவரைக் காட்டினார். அங்கே, போர்டோடு இன்னாசி எழுதிக் கொடுத்த சீட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டப்பட்டிருந்தது.

*போர்டில் குறை இல்லை. – இன்னாசி.*

"எங்க வீட்டுக்காரங்கதான் ஒட்டினாங்க. ஓவன் சரியில்லன்னு நான் வாயத் தொறந்தா அதக் காட்டுதாங்க. என் கைராசி போயிட்டாம். ஊரும் அதத்தான் சொல்லுது. இப்ப எனக்கே அப்படித்தான் தோணுது அண்ணாச்சி."

தன் கையெழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று இன்னாசி நினைத்ததில்லை.

"டீச்சர் ஒரு மக்ரூன் கேட்டாங்கம்மா."

"என் கையாலயா?"

"ஆமா."

அமலோற்பவம் முட்டைகளை எடுத்தார். வெள்ளைக்கருவை நுரைக்க அடித்தார். சீனி சேர்த்தார், முந்திரித் தூளைக் கலந்தார். தட்டில் குட்டிக் குட்டிக் கோபுரமாகப் பிழிந்தார். இன்னாசி போர்டை மாட்டிக் கொடுத்தார்.

"வேக எவ்வளவு நேரம்மா?"

"இளஞ்சூட்டுல ஒன்னேகால் மணி நேரம்."

மற்ற நாளாக இருந்தால், ஓவன் சூடானதுமே டாட்டா காட்டியிருப்பார். இன்று மக்ரூன் இல்லாமல் திரும்ப முடியாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சும்மா இருப்பானேன் என்று, ஓவனின் ஹீட்டருக்குப் போகும் வயரில் மீட்டரை மாட்டி வைத்தார்.

பத்து நிமிஷம். இருபது. அரைமணி.

நாற்பதாவது நிமிஷம், மீட்டரில் எண் சுழியத்துக்கு இறங்கியது.

ஓவனில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. சூடு மட்டும் போய்விட்டது.

"தங்கச்சி, இங்க வாம்மா."

அமலோற்பவம் வந்தார். இன்னாசி மீட்டரைக் காட்டினார்.

"இப்ப ஹீட்டருக்குக் கரண்ட் போகல. வெளிய இருந்து பாத்தா தெரியாது."

"அப்போ நான் சொன்னது?"

"நெசம்."

அமலோற்பவம் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

"அழாதம்மா. சரி பண்ணிடலாம்."

"அதுக்கு அழல அண்ணாச்சி."

இன்னாசி ஓவனின் இணைப்பை எடுத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் போர்டைக் கழற்றினார். லென்ஸை வைத்துப் பார்த்தார். ஹீட்டருக்குக் கரண்டை அனுப்பும் ரிலேயின் ஒரு கால். அதைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை விரிசல். ஆறியிருந்தால் கால் ஈயத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். நன்றாகச் சூடேறினால்தான் விலகும். அவருடைய மேசையில் அது ஒருநாளும் சூடேறியதில்லை.

பையிலிருந்த சால்டரிங் அயர்னால் பழைய ஈயத்தை உருக்கி எடுத்தார். புதிதாக வைத்து, போர்டைத் திரும்ப மாட்டினார். இரண்டாவது தட்டு உள்ளே போனது.

அமலோற்பவமும் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் மீட்டரையே பார்த்தார்கள். நாற்பது நிமிஷம் கடந்தபோது அமலோற்பவம் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். எண் இறங்கவில்லை.

ஓவனை எடுத்துப்போக ஆள் வந்தபோது, வீடு முழுக்க முந்திரி வாசம்.

"ஓவன் குடுக்கதுக்கு இல்ல தம்பி," என்றார் அமலோற்பவம். "இரு, மக்ரூன் தின்னுட்டுப் போ."

இன்னாசி கடைக்குத் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. காகிதப் பொட்டலத்தை டீச்சரிடம் நீட்டினார்.

சுபைதா ஒன்றை எடுத்துக் கடித்தார். மேலே மொறுமொறுவென்று, உள்ளே இளகி.

"நல்ல கை," என்றார். "போர்டுல என்ன அண்ணாச்சி?"

இன்னாசி சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தார். அதன் பின்பக்கம் அமலோற்பவத்தின் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. தன் மேசைக்கு நேரே, உட்கார்ந்தால் கண்ணில் படும் இடத்தில், சுவரில் வைத்துப் பார்த்தார். அது நிற்கவில்லை.

சுபைதா பசை டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார்.